வழியில் தங்கலாமா?

(ஒரு சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அமெரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர் தன் துப்பாக்கியோடு ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு எப்படிப் போகிறார் என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். உங்களில் யாருக்கும் இது நாளைக் காலையில் உதவப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். நானும் வேட்டைக்காரன் இல்லை. கறி சாப்பிடுவதோடு சரி. ஆனால் சட்டம் படித்தவன். ஒரு மாநிலத்துச் சட்டமும் அடுத்த மாநிலத்துச் சட்டமும் உரசிக்கொள்ளும் இடங்களைப் பார்ப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு. அப்படிப் பார்க்கப் போனதில் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். துப்பாக்கியோடு போகிறவனுக்கு அந்த நாட்டுச் சட்டம் ஓட்டத்தில் பாதுகாப்புத் தருகிறது, நின்றால் கைவிட்டுவிடுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி என்றால் உடனே நினைவுக்கு வருவது தேர்தல் அறிவிப்பு. அறிவிப்பு வந்ததும் அதைக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வேட்டைக்கும் நம் லைசென்ஸுக்கும் இருந்த உறவு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு ஏறக்குறைய அறுந்துவிட்டது. இன்னொன்று, நம் அரசியல் சாசனத்தில் ஆயுதம் என்பது மத்தியப் பட்டியலில் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். எந்த எல்லைக்குள் கொண்டுபோகலாம், மாவட்டமா, மாநிலமா, இந்தியா முழுவதுமா என்பதை லைசென்ஸிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே நமக்கு இது ஒரு தாளைப் படித்துத் தெரிந்துகொள்ளும் விவகாரம்.

அமெரிக்காவில் அப்படி இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் வேட்டை ரைபிள் வைத்துக்கொள்ள லைசென்ஸே வேண்டாம். லைசென்ஸ் விலங்குக்குத்தான். எந்த விலங்கு, ஆணா பெண்ணா, எந்தக் காட்டுப் பகுதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று அச்சடித்துத் தருகிறார்கள். வெளிமாநிலத்துக்காரர் என்றால் உள்ளூர்க்காரர் கட்டுவதைப் போலப் பல மடங்கு பணம் கட்ட வேண்டும். சில மாநிலங்களில் மட்டும் துப்பாக்கிக்கும் அடையாள அட்டையோ பதிவோ உண்டு: இல்லினாய், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், ஹவாய். இந்தச் சில மாநிலங்கள்தான் பயணத்தைச் சிக்கலாக்குகின்றன. அவற்றில் சில வரைபடத்தில் ஓரமாக ஒதுங்கிக் கிடப்பவையும் அல்ல. இல்லினாயில் சிகாகோ, நியூ ஜெர்சியில் நியூவர்க் என்று விமானம் மாறும் பெரிய ஊர்களை மடியில் வைத்திருப்பவை.

விமானத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் விதிகள் தெளிவாக இருக்கின்றன. எல்க் என்கிற பெரிய மான் இனம் மிக அதிகமாக இருக்கும் மாநிலம் கொலராடோ. அக்டோபரில் டென்வர் விமான நிலையத்தில் நின்று பார்த்தால் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான, கெட்டிப் பிளாஸ்டிக்காலான கறுப்புப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கலாம். கிடார் பெட்டி என்று யாரும் ஏமாற மாட்டார்கள். பெட்டியின் விளிம்பில் நான்கு இடங்களில் துளை, நான்கிலும் பூட்டு. ஒன்றில் மட்டும் பூட்டிவிட்டு வந்தால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூலையைப் பிடித்து நெம்பினால் விரல் உள்ளே போகிறதா என்று பார்ப்பார்கள். போனால் அது பூட்டிய பெட்டி ஆகாது.

கவுண்டரில் அவர் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "குண்டேற்றாத துப்பாக்கி ஒன்றைப் பதிவுசெய்ய வந்திருக்கிறேன்." சொல்லும் முறையிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று எடுத்த எடுப்பில் ஆரம்பித்தால், பாவம், அந்தக் கவுண்டர்ப் பெண்ணுக்கு முதல் நொடியில் தூக்கிவாரிப் போடும். (சிரிப்பு) பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். ரைபிளின் போல்ட்டைக் கழற்றிப் பக்கத்திலேயே நுரைப் பஞ்சுக் குழிக்குள் வைத்திருப்பார். போல்ட் என்பது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டு. அதைக் கழற்றிவிட்டால் பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் பார்க்கலாம், மறுமுனையில் வெளிச்சம் தெரியும். குண்டில்லை என்று நிரூபிக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பிறகு ஓர் அட்டை கொடுப்பார்கள். துப்பாக்கியில் குண்டில்லை என்று அதில் கையெழுத்துப் போட்டு, அட்டையைப் பெட்டிக்குள்ளே வைத்துப் பூட்ட வேண்டும்.

கவனியுங்கள், பெட்டிக்குள்ளே. வெளியே ஒட்டக் கூடாது. உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்று காட்டும் எந்தச் சீட்டையும் பெட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டும்படி விமான நிறுவனம் கேட்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஒட்டினார்கள். திருடனுக்கு அதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா?

சாவி விஷயத்தில் எனக்கு ஒரு வேடிக்கை. நாம் அமெரிக்கா போகும்போது சூட்கேஸுக்கு அதிகாரிகள் மாற்றுச் சாவியால் திறக்கக்கூடிய பூட்டாகத் தேடித் தேடி வாங்குகிறோம் அல்லவா? துப்பாக்கிப் பெட்டிக்கு விதி நேரெதிர். சாவி பயணியிடம் மட்டும்தான் இருக்க வேண்டும். சோதனை போட வேண்டுமானால் அவரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். அதனால்தான் அவர் பெட்டியைக் கொடுத்துவிட்டு உடனே நகர்ந்துவிடாமல், எக்ஸ்ரே தாண்டிப் போய்விட்டது என்று யாராவது தலையசைக்கும் வரை சுவரோரமாக நின்றுகொண்டிருப்பார்.

தோட்டாக்களும் அடியில் போகும் சாமான்களோடுதான். பெட்டிக்குள் அள்ளிப் போட முடியாது. ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கும்படி செய்த அட்டை, மரம், பிளாஸ்டிக் அல்லது உலோக டப்பாவில் இருக்க வேண்டும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஆளுக்கு 5 கிலோ வரை அனுமதிக்கின்றன. ஒரு வாரம் எல்க் வேட்டைக்குப் போகிறவர் சுடப்போவது ஒன்றோ இரண்டோ தோட்டா. 5 கிலோ எதற்கு என்று கேட்கத் தோன்றும், நான் கேட்கவில்லை.

கையோடு கேபினுக்குள் எதைக் கொண்டுபோகலாம் என்பதும் ஒரு புதிர்தான். ரைபிளின் மேல் பொருத்தும் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, தாராளமாகப் போகலாம். போல்ட் போகக் கூடாது. தோட்டா அடுக்கும் மேகசின் காலியாக இருந்தாலும் கூடாது. பார்வைக்குத் தடையில்லை, இயங்கும் உறுப்புக்குத் தடை. ஆனால் விலையுயர்ந்த ஸ்கோப்பைக் கையில் கொண்டுபோகலாம் என்று அனுமதி இருந்தும் பலர் கழற்றுவதில்லை. கழற்றி மாட்டினால் குறி விலகிவிடும். கழற்றாவிட்டாலும் சாமான் ஏற்றுகிறவர் பெட்டியைப் போடுகிற போட்டில் விலகத்தான் வாய்ப்பு. ஆகவே இறங்கிய ஊரில் காட்டுக்குள் போவதற்கு முன் ஒரு காகிதத்தை நட்டு வைத்து மூன்று குண்டு சுட்டுப் பார்ப்பது அவர்களிடம் எழுதாத விதி. 5 கிலோவுக்கு அங்கே கொஞ்சம் பதில் கிடைக்கிறது.

நம்மூரில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்கிறோமே, குழலின் வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடுவது, அதை வைத்து வேட்டையாடுவதற்கென்று அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் தனிப் பருவமே ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வேட்டைக்காரரின் கதி இன்னும் மோசம். துப்பாக்கி விமானத்தில் போகலாம். கருமருந்தும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் கேபினிலும் போகாது, அடியிலும் போகாது. இறங்கிய ஊரில் கடை தேடி வாங்கியாக வேண்டும்.

இத்தனை விதியும் யாருக்காக என்றால், உண்மையில் வேட்டைக்காரர்களால் வந்த தொல்லை குறைவு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அதே ஆண்டு நவம்பரில் உருவான போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், டி.எஸ்.ஏ., 2023-ஆம் ஆண்டில் மட்டும் பயணிகள் சோதனை வாயில்களில் 6,737 துப்பாக்கிகளைப் பிடித்தது. அவற்றில் 93 சதவீதம் குண்டேற்றியவை. கைப்பையில் கைத்துப்பாக்கி கிடந்ததையே மறந்துவிட்டு வந்தேன் என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். நீளமான ரைபிளை மறந்துபோய்க் கைப்பையில் வைக்க முடியாது, அந்த அளவில் வேட்டைக்காரர் யோக்கியர். அவருக்கு வரும் அவதி வேறு மாதிரி: போன பருவத்தில் காட்டில் போட்டிருந்த கோட்டை மாட்டிக்கொண்டு விமானம் ஏற வருவார், பைக்குள் ஒற்றைத் தோட்டா கிடக்கும்.

ரயிலைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அரசு ஆதரவில் ஓடும் ஆம்ட்ராக், 2001-க்குப் பிறகு துப்பாக்கிகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டது. மிசிசிப்பியைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் ராஜர் விக்கர் கொண்டுவந்த திருத்தத்தின் பேரில் 2010 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 24 மணி நேரத்துக்கு முன்பே தொலைபேசியில் சொல்ல வேண்டும், ஏறும் நிலையம் இறங்கும் நிலையம் இரண்டிலும் சாமான் பதிவு வசதி இருக்க வேண்டும். சின்ன ஊர்களில் அது இருக்காது. வேட்டைக்காடு இருப்பதோ சின்ன ஊர்ப் பக்கம்தான். கிரேஹவுண்ட் பேருந்தில் எந்த ரூபத்திலும் துப்பாக்கிக்கு இடமில்லை. அடியில் சாமான் அறை இருந்தாலும் கிடையாது. அவ்வளவுதான் ரயிலும் பேருந்தும்.

மிச்சம் இருப்பது கார். பெரும்பாலான வேட்டைக்காரர்கள் போவது அதில்தான், சிக்கலும் அங்கேதான்.

1986-இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட ஒரு சட்டம் இருக்கிறது, துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடுமையாகிவிட்டது என்று முணுமுணுத்தவர்களுக்காக வந்தது. அதில் பயணிக்கு ஒரு வாக்குறுதி இருக்கிறது. சுருக்கிச் சொன்னால் இதுதான்: துப்பாக்கியை வைத்திருக்க உங்களுக்கு உரிமை உள்ள ஓர் இடத்திலிருந்து, அதே உரிமை உள்ள இன்னோர் இடத்துக்குப் போகிறீர்கள். நடுவில் வரும் மாநிலங்கள் என்ன சட்டம் வைத்திருந்தாலும் உங்களைத் தொடக் கூடாது. நிபந்தனை இரண்டு. துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டக் கூடாது. டிக்கி இல்லாத வண்டியா? பூட்டிய பெட்டியில் வையுங்கள். டாஷ்போர்டு அறையும் இருக்கை நடுவே உள்ள பெட்டியும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது.

நல்ல சட்டமாகத்தான் தோன்றுகிறது. துப்பாக்கி ஆபத்தானது என்று அது வாதம் செய்யவில்லை. கைக்கும் குண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று மட்டும் அளக்கிறது. விமானத்தில் அந்தத் தூரத்தை விமானத்தின் வயிறே தந்துவிடுகிறது, காரில் டிக்கி தருகிறது. இதே நினைப்பைப் பள்ளிக்கூடங்கள் பற்றிய கூட்டாட்சிச் சட்டத்திலும் பார்க்கலாம். பள்ளிக்கு 1,000 அடிக்குள் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது. குண்டில்லாமல் பூட்டிய பெட்டியிலோ வண்டியில் பூட்டிய தாங்கியிலோ இருந்தால் போகலாம். ஊருக்குள் போகும் எந்த நெடுஞ்சாலையும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தைத் தொட்டுத்தான் போகும். அந்தச் சலுகை இல்லையென்றால் வேட்டைப் பருவமான நவம்பர் மாதத்தில் பாதி ஊர் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும்.

மாநிலச் சட்டங்களின் காரணம் சில சமயம் வேறாக இருக்கும். பென்சில்வேனியாவில் வண்டிக்குள் குண்டேற்றிய ரைபிள் வைத்திருப்பது குற்றம். அதே மாநிலத்தில் உரிய அனுமதி உள்ளவர் குண்டேற்றிய கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே வண்டியை ஓட்டலாம். மனிதர்களுக்கு எது ஆபத்து என்று பார்த்தால் இது தலைகீழ். ஆனால் ரைபிளுக்கான அந்த விதியை எழுதியவர்கள் மனதில் இருந்தது மனிதர்கள் இல்லை, மான்கள். சாலையோரம் மான் நிற்பதைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கிச் சுட்டுவிட்டு ஓடிவிடுகிறார்களே, அவர்களைத் தடுக்க வந்த விதி அது. வேட்டைச் சட்டங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் பல கோணல்கள் நேராகும்.

இனி அந்த 1986 வாக்குறுதிக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். இதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2005 மார்ச். யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் பென்சில்வேனியாவின் ஆலன்டவுன் ஊருக்குப் போகிறார். பெட்டியில் கைத்துப்பாக்கி. வேட்டை ரைபிள் அல்ல, ஆனால் சட்டத்தின் முன் பயணம் ஒரே மாதிரிதான். முறைப்படி கவுண்டரில் பதிவுசெய்தார், பூட்டினார், ஏற்றினார். புறப்பட்ட இடத்தில் அவர் அதை வைத்திருப்பது சட்டப்படி சரி, போய்ச் சேரும் இடத்திலும் சரி. நியூவர்க்கில் இறங்கி மாற வேண்டும். விமானம் தாமதம், அடுத்த இணைப்புத் தவறிவிட்டது. ஆலன்டவுனுக்குப் போகும் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். ஏறிய பிறகுதான் தன் பெட்டி ஏறவில்லை என்று தெரிகிறது. இறங்கிப் போய்ப் பெட்டியைத் தேடி எடுக்கிறார், அதற்குள் பேருந்து போய்விட்டது. இரவாகிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துப் பக்கத்து ஓட்டலில் தங்கினார்.

காலையில் திரும்பி வந்து கவுண்டரில் விதிப்படி சொன்னார்: குண்டேற்றாத துப்பாக்கி இருக்கிறது.

கைது செய்தார்கள். நியூ ஜெர்சியில் அனுமதியில்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்தது ஒரு குற்றம். நுனி குழிந்த தோட்டாக்கள் வைத்திருந்தது இன்னொரு குற்றம். சிறையில் சில நாள் கிடந்தார். அரசுத் தரப்பு பிறகு வழக்கைக் கைவிட்டது. அவர் நஷ்டஈடு கேட்டுப் போனார். 2010-இல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதிபதிகளின் வாதம் எளிமையானது. சட்டம் காப்பது கைக்கு எட்டாமல் போகும் துப்பாக்கியை. இரவு முழுவதும் பெட்டி அவருடைய அறையில், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் பூட்டைத் திறந்தாரா இல்லையா என்பது கேள்வியே இல்லை, திறந்திருக்க முடியும். அவர் மேல் தவறில்லாமல்தான் இந்தச் சங்கடத்தில் மாட்டினார் என்பதையும் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. பெட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்பே விமான நிலையக் காவலர்களிடம் போய் உதவி கேட்டிருக்கலாம் என்று ஒரு யோசனையும் சொன்னது.

தீர்ப்பைப் படித்தபோது எனக்கு நீதிபதிகள் மேல் கோபம் வரவில்லை. அவர்கள் எழுத்தைப் படித்தார்கள், எழுத்தில் இருப்பதைச் சொன்னார்கள். கோபம் வந்தது சட்டத்தை எழுதியவர்கள் மேல். சாலையில் போகிற வண்டியை மட்டும் மனக்கண்ணில் வைத்துக்கொண்டு எழுதிவிட்டார்கள். மனிதன் பசித்தால் சாப்பிடுவான், இரவானால் படுப்பான், பனி பெய்தால் விமானம் வேறு ஊரில் இறங்கும். இவற்றைப் பற்றி அந்த வாக்கியத்தில் ஒரு சொல் இல்லை. சாப்பாடு, பெட்ரோல், இரவுத் தங்கல், அவசரம் ஆகியவற்றுக்காக நிற்பதும் பயணத்தில் அடக்கம் என்று சேர்க்கும் மசோதாக்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பலமுறை வந்தன. ஆயுதக் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிற எதற்கும் ஒரு கட்சி கை தூக்காது, இந்தச் சின்னத் திருத்தத்தை மட்டும் தனியாகக் கொண்டுவர இன்னொரு கட்சி சம்மதிக்காது. ஓட்டல் அறையில் ஓர் இரவு என்கிற சின்ன விஷயம் பெரிய சண்டையின் சாமான்களோடு சாமானாகக் கட்டப்பட்டுவிட்டது.

நியூயார்க்கிலும் இதே கதை. அந்த மாநிலத்தில் சாதாரண வேட்டை ரைபிளுக்கு அனுமதி வேண்டாம். ஆனால் நியூயார்க் நகரத்துக்குள் ரைபிளுக்கும் ஷாட்கன்னுக்கும்கூடத் தனி அனுமதி வேண்டும். நகரின் பெரிய விமான நிலையங்களான கென்னடியும் லாகார்டியாவும் நகர எல்லைக்குள்தான் இருக்கின்றன. ஆக, அந்த மாநிலத்து அடிரோண்டாக் மலையில் தடையின்றி மான் வேட்டையாடியவர், வீடு திரும்ப லாகார்டியாவில் போய் நின்று டி.எஸ்.ஏ. சொன்னபடி நல்ல பிள்ளையாகப் பதிவு செய்கிறபோது நகரச் சட்டத்துக்குள் கால் வைத்துவிடுகிறார். பலர் இங்கேதான் இடறுகிறார்கள். டி.எஸ்.ஏ. விதியைப் பின்பற்றினேனே என்பார்கள். அந்த விதி துப்பாக்கியை விமானத்தில் ஏற்றும் முறையைச் சொல்கிறது. அந்த ஊர் மண்ணில் அதை வைத்திருக்க அனுமதி கொடுப்பது அதன் வேலையில்லை.

அனுபவப்பட்டவர்கள் இதற்கு என்ன செய்கிறார்கள்? பயணச்சீட்டு வாங்கும்போதே நியூவர்க், கென்னடி, லாகார்டியா வழியை விட்டுவிடுகிறார்கள், நூறு டாலர் கூடப் போனாலும் சரி. விமானம் திசைமாறி அங்கே இறங்கிவிட்டால் பெட்டியைக் கையில் வாங்குவதில்லை. மாற்று உடுப்பு இல்லாமல், பல் துலக்காமல் ஓட்டலில் தூங்கிவிட்டு, பெட்டி நிறுவனத்தின் பொறுப்பிலேயே அடுத்த விமானத்துக்குப் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

அட்டையோ பதிவோ கேட்கும் மாநிலங்கள் எல்லாமே முரட்டுத்தனமாக இருப்பதாக நினைக்க வேண்டாம். இல்லினாய்க்குள் வேட்டை லைசென்ஸோடு வரும் வெளிமாநிலத்துக்காரருக்கு, பருவத்தில், வேட்டை நடக்கும் பகுதியில், துப்பாக்கி அட்டையிலிருந்து விலக்கு உண்டு. ஹவாய் தீவுகளில் காட்டுப் பன்றியும் ஆடும் வேட்டையாடப் போகிறவர் துப்பாக்கியோடு வந்திறங்கிய 5 நாளுக்குள் காவல் துறையில் பதிவுசெய்துவிட வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் அதிகாரி துப்பாக்கியைப் பார்ப்பதே இல்லை. ஹவாயில் அந்தச் சம்பிரதாயம் இருக்கிறது, வேட்டைக்காரர் அதற்கும் அரை நாளை ஒதுக்கித்தான் டிக்கெட் போடுகிறார்.

இந்த அலைச்சலே வேண்டாம் என்று துப்பாக்கியை முன்கூட்டி அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. சட்டம் அதற்கு ஓர் அழகான வழி வைத்திருக்கிறது. தன் துப்பாக்கியைத் தனக்கே அனுப்பலாம்: முகவரியில் தன் பெயர், காட்டோரம் தங்கும் விடுதிக்காரரின் மேற்பார்வையில் என்று. விடுதிக்காரர் வாங்கி வைக்கலாம், பிரிக்கக் கூடாது. பார்சலைப் பிரிப்பவர் அனுப்பியவராகவே இருக்க வேண்டும். சட்டம் இப்படி அனுமதித்தாலும் தனியார் கூரியர்கள் தங்கள் சொந்த விதிகளை இறுக்கிக்கொண்டே போவதால் இந்த வழி ஒடுங்கிக்கொண்டு வருகிறது.

இதுவரை உள்நாட்டுப் பயணத்தைப் பற்றித்தான் பேசினேன். உள்நாட்டுக்குள் போக வெளிநாட்டைத் தாண்ட வேண்டிய ஓர் இடம் இருக்கிறது, அலாஸ்கா. மொன்டானாவிலிருந்து ஒருவர் தன் லாரியில் அலாஸ்காவுக்கு மூஸ் என்கிற மான் வேட்டைக்குப் போகிறார் என்று வையுங்கள். புறப்படுவதும் அமெரிக்கா, போய்ச் சேர்வதும் அமெரிக்கா. நடுவில் பிரிட்டிஷ் கொலம்பியாவும் யூக்கானும், அதாவது நாள்கணக்கில் கனடா. 1942-இல் போர்க்கால அவசரத்தில் ராணுவம் போட்ட அலாஸ்கா நெடுஞ்சாலைதான் அங்கே வழி. எல்லையில் கனடாவின் 5589 எண் படிவத்தை நிரப்பி, அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டு, 25 கனடிய டாலர் கட்டினால் 60 நாளுக்குத் தற்காலிக லைசென்ஸ். சாதாரண வேட்டை ரைபிளுக்கு இது போதும். கரடிக்குப் பயந்து இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் அலாஸ்காவில் உண்டு. அது இந்த வழியில் போகாது. 2020 மே மாதத்தில் கனடா ஏறத்தாழ 1,500 வகைத் துப்பாக்கிகளைத் தடைசெய்தது, அதில் அமெரிக்கர்கள் சிலர் பன்றி வேட்டைக்கு எடுத்துப் போகும் தானியங்கி மறுஏற்ற ரைபிள்களும் அடக்கம். மறுபடி அமெரிக்காவுக்குள் நுழையும்போது இது வெளிநாட்டில் வாங்கியதல்ல என்று காட்ட, கிளம்பும்போதே அமெரிக்கச் சுங்கத்தில் 4457 எண் படிவம் ஒன்றில் துப்பாக்கியின் எண்ணைப் பதிந்து முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இதற்குப் பயந்தே பலர் சியாட்டிலிலிருந்து விமானத்தில் ஆங்கரேஜ் போய்விடுகிறார்கள். கனடாவின் தலைக்கு மேலே பறந்தாலும் அது உள்நாட்டு விமானம்.

தேசியப் பூங்காக்களைப் பற்றி ஒரு சொல். வயோமிங்கில் வேட்டைக்குப் போகிறவர்கள் அப்படியே யெல்லோஸ்டோனைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். 2010 பிப்ரவரி வரை பூங்காக்களுக்குள் துப்பாக்கிக்குக் கடும் கட்டுப்பாடு. இப்போது பூங்கா எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டம். யெல்லோஸ்டோன் வயோமிங், மொன்டானா, ஐடஹோ மூன்றிலும் கிடக்கிறது. வைத்திருக்கலாம், வேட்டையாடக் கூடாது. பார்வையாளர் மையம் போன்ற கூட்டாட்சிக் கட்டடங்களுக்குள் கொண்டுபோகவும் கூடாது.

கடைசியாக, திரும்பும் பயணம். இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. போகும்போது துப்பாக்கிதான் சட்டத்தின் கவலை. வரும்போது கறியும் சேர்ந்துகொள்கிறது. 1900-ஆம் ஆண்டிலேயே வந்த லேசி சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரு மாநிலத்தில் விதி மீறிக் கொன்ற விலங்கை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் அது கூட்டாட்சிக் குற்றம். அதனால் கறியோடு விலங்குக்கான அனுமதிச் சீட்டான டேக்கும் ரசீதும் கூடவே பயணம் செய்ய வேண்டும். இன்னொரு பிரச்சினை நோய். மான்களின் மூளையைத் தின்று மெலிய வைத்துக் கொல்லும் ஒரு நோய் 1967-இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்து மான்களிடம் முதலில் தென்பட்டது. இப்போது பல மாநிலங்களில் பரவிவிட்டது. மூளையிலும் தண்டுவடத்திலும் அது அதிகம் தங்குவதால், வெளிமாநிலத்தில் அடித்த மானை முழு உடலாகக் கொண்டுவரப் பல மாநிலங்கள் தடை போட்டிருக்கின்றன. எலும்பு நீக்கிய கறி வரலாம். தோல் வரலாம். மூளைத் திசு ஒட்டாமல் சுரண்டிச் சுத்தம் செய்த மண்டைத்தகட்டோடு கொம்பு வரலாம்.

ஆகவே வேட்டை முடிந்த மறுநாள் பக்கத்து ஊரில் கறி பதப்படுத்தும் கடையில் வரிசை நிற்கும். எலும்பெடுத்து, பொட்டலம் கட்டி, உறையவைத்துக் கொடுப்பார்கள். காரில் வருகிறவர் ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். விமானத்தில் வருகிறவர் உலர்பனிக்கட்டி, டிரை ஐஸ், போட வேண்டும். அதற்கு ஆளுக்கு 2.5 கிலோதான் உச்சவரம்பு, காற்றுப் போக வழியுள்ள பெட்டியாக இருக்க வேண்டும், எத்தனை கிலோ என்று வெளியே எழுதி ஒட்டவும் வேண்டும். துப்பாக்கிப் பெட்டியில் வெளியே எதையும் ஒட்டச் சொல்லக் கூடாது என்றேன் அல்லவா, கறிப் பெட்டியில் ஒட்டாமல் விட மாட்டார்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது. நியூவர்க் தீர்ப்பைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். கேளுங்கள்.